கலையும் பிணையும் மறியும்



பட்டாசும் தீப்பெட்டியும் விளையும் தாயில்பட்டியில் மானைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ்க் கவிதையில் மிகுதியாக வந்துபோகும் விலங்கு எதுவென்று கேட்டால், யானைக்கு அடுத்தபடியாக மானைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் கவியரங்கத்திலும் ஒரு மான்விழியாள் தவறாமல் வந்துவிடுகிறாள். மருண்ட பார்வை, துள்ளும் நடை, தனித்துப்போன குட்டி என்று மூன்று நான்கு உருவங்கள் கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசுகள்போல் புழங்குகின்றன. அவற்றைப் புழங்குவோரில் உயிருள்ள மானைக் கூண்டுக்கு வெளியே ஒரு நாழிகை உற்றுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் அரங்கம் சற்று அமைதியாகிவிடும். இத்தனைக்கும் மான் தொலைவில் இல்லை. பேருந்தேறிப் போய்ப் பார்த்து, அன்று மாலையே வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

மழை பெய்து வானம் வெளுத்த காலையில் வெம்பக்கோட்டைக் கண்மாய்க் கரைமீது ஏறி நின்று மேற்கே நோக்கினால் மலை தெரியும். திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு என்று அடிவாரம் நெடுகப் படர்ந்துள்ள அந்தக் காட்டை 1988 இல் சாம்பல்நிற அணிலுக்கான சரணாலயமாக அரசு அறிவித்தது. பரப்பு ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அதனோடு மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. நாட்டில் 51 ஆவது, தமிழகத்தில் ஐந்தாவது. அணிலின் பெயராலும் புலியின் பெயராலும் வழங்கும் அந்தக் காட்டில் மிகுதியாகக் கண்ணிற்படுவது என்னவோ மான் இனந்தான். அடிவாரத் தோப்புகளின் ஓரத்தில் புள்ளிமான் மேய்கிறது. சற்று மேலே மிளா. நாயைப்போல் குரைத்து ஊரை ஏமாற்றும் கேளையாடு. முயலைவிடச் சற்றே பெரிய சருகுமான், காய்ந்த இலைகளுக்கிடையில் இலையாகவே கிடக்கும். இந்தச் சருகுமான் கொம்பற்றது; ஆணுக்கு வாயிலிருந்து சிறு கோரைப்பல் நீண்டிருக்கும். விலங்கியலார் அதனை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆயினும் தமிழ் அதனை மான் என்றே அழைத்துவிட்டது; அழைத்ததில் தவறு காண்பதற்கில்லை.

மிளா என்னும் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பாடப்புத்தகமும் செய்தித்தாளும் கடமான் என்று எழுதுகின்றன. ஆங்கிலம் கற்றவர் சாம்பார் மான் என்பர். நெல்லை, விருதுநகர் மலையடிவாரத்து உழவரும், செண்பகத்தோப்பில் வாழும் பளியர்களும் மிளா என்றே சொல்கின்றனர். மலையைத் தாண்டி அப்பால் இறங்கினால் மலையாளத்தாரும் ஏறத்தாழ அதே ஒலியில்தான் அழைக்கின்றனர். மேடைக் கவிதையில் மிளாவுக்கு இடமில்லை. அழகிய கண், ஒயிலான நடை என்று அதனைப் பாட இயலாததே காரணம் போலும். தோள் தடித்த விலங்கு. கழுத்தில் முரட்டு மயிர். சேற்றில் புரண்டு மேலெல்லாம் அப்பிக்கொண்டு நிற்கும். இரவில் ஒற்றையாகவோ இரண்டு மூன்றாகவோ நடமாடும். புலியையோ சிறுத்தையையோ மணத்தால் அறிந்துவிட்டால் மணியடித்தாற்போல் ஓர் ஒற்றைக் குரல் கொடுக்கும். இருட்டில் அக்குரலைக் கேட்டவர் பிறகு மான் என்றால் மென்மை என்று எழுதத் தயங்குவர்.

பழந்தமிழர் இவற்றையெல்லாம் பிரித்தறிந்து பெயர் வைத்திருந்தனர் என்பதற்குத் தொல்காப்பிய மரபியலே போதிய சான்று. புல்வாய், நவ்வி, உழை, கவரி ஆகியவற்றின் பெண்ணைப் பிணை என்று சொல்லலாம். இரலை, கலை இரண்டும் புல்வாயின் ஆணுக்கு உரிய பெயர்கள். உழையின் ஆணையும் கலை என்பது மரபு. நவ்வி, உழை, புல்வாய் இவற்றின் இளமைக்கு மறி என்னும் பெயர். வேட்டையாடியோ மேய்த்தோ கண்காணித்தோ பழகிய ஒரு சமூகந்தான் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று என இவ்வளவு சொற்களைச் செலவிடும். இன்று நம் வாயில் எஞ்சியிருப்பது மான், மான்குட்டி என்னும் இரண்டுதான். உழை என்பது புள்ளிமான் என்று பலரும் கொள்வர். மரை எது, கடமா எது என்பதில் உரையாசிரியரும் அகராதி தொகுத்தோரும் ஒருமித்த கருத்தினர் அல்லர். பி. எல். சாமி சங்க இலக்கிய விலங்குகளைப் பற்றித் தனி நூலே எழுதி இச்சிக்கல்களில் பலவற்றை அவிழ்க்க முயன்றார். சொல் நூலிலும் விலங்கு காட்டிலுமாக இரண்டும் பிரிந்து கிடப்பதால் வந்த சிக்கல் இது.

மரபியலில் இன்னொரு செய்தி, கவிஞர்கள் கட்டாயம் கருத வேண்டியது. கலை என்னும் பெயர் ஆண் முசுவுக்கும் உரியது என்கிறது அந்நூல். முசு என்பது நீண்ட வாலும் கரிய முகமும் உடைய குரங்கு. ஆண்மானுக்கும் ஆண் முசுவுக்கும் ஒரே பெயர் ஏன் வந்தது என்பதற்கு இலக்கணம் காரணம் கூறவில்லை. காட்டில் என்னவோ இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. மரத்தின்மேல் மந்திக்கூட்டம் இலையையும் காயையும் பாதி தின்று பாதி உதிர்க்கும். கீழே புள்ளிமான்கள் அவ்வுதிர்வைப் பொறுக்கித் தின்னும். கோடையில் புல் கருகிய நாளில் மேலிருந்து விழும் அந்தப் பச்சை மானுக்குப் பெரும் உதவி. மந்திக்கு உயரத்திலிருந்து நெடுந்தூரம் தெரியும். மானுக்கு மூக்கும் காதும் கூர்மை. ஒன்று எச்சரித்தால் மற்றொன்று விழித்துக்கொள்கிறது. மத்திய இந்தியக் காடுகளில் அறிவியலார் இதனை விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். ஒரே சொல் இரண்டுக்கும் வாய்த்தது இதனாலேயே என்று முடிவுகட்ட ஆதாரமில்லை. ஆனாலும் ஒரு மரத்தடியில் இரு கலைகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அவ்வெண்ணம் தோன்றாமல் போகாது.

இனி அந்த மருண்ட பார்வைக்கு வருவோம். மானின் கண்கள் தலையின் இருபக்கத்தே அமைந்தவை. கண்மணி கிடைவாட்டில் நீண்டது. தலையைத் திருப்பாமலே முன்னும் பக்கமும் பின்னுமாகப் பெரும்பகுதியை அது பார்த்துவிடும். சிவப்பு நிறம் அதற்குத் தனித்துத் தெரிவதில்லை. அசையாமல் நிற்கும் உருவத்தைப் பிரித்தறிவது அதற்குக் கடினம். சிறு அசைவைக் கண்டுகொள்வது எளிது. ஆகவே ஐயம் தோன்றியதும் மான் செய்யும் முதற்காரியம் ஓடுவதன்று, நிற்பது. கழுத்தை நிமிர்த்தி, இரு காதுகளையும் ஐயம் வந்த திசைக்குத் திருப்பி, விழி அகலப் பார்க்கும். பிறகு முன்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கித் தரையில் ஓங்கி மிதிக்கும். மீண்டும் பார்க்கும். எதிரே இருப்பது அசைகிறதா என்று சோதித்தறியும் செயல் அது. அசைந்தால் கூர்மையான ஒரு குரல், வால் நிமிர்ந்து அடிப்பக்கத்து வெள்ளை பளிச்சிடும், கூட்டம் கலையும். கவிஞர்கள் மருட்சி என்று பாடிவந்த அந்தப் பார்வை, பார்த்தவரை எடைபோடும் பார்வை. தலைவியின் கண்ணுக்கு அதனை உவமையாக்கிய முதற் புலவன் இதனை அறிந்தே சொன்னானோ என்னவோ. நாணத்தால் விழித்தாள் என்று பொருள்கொள்வதைவிட, எதிரே நிற்பவனை அளந்தாள் என்று பொருள்கொண்டால் பல பாடல்கள் வேறு சுவை தரும்.

ஊருக்கருகே வாழும் மான்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. நடந்து போகிறவரை அவை பொருட்படுத்துவதில்லை; நின்று பார்ப்பவரைக் கண்டால்தான் கலவரப்படுகின்றன. சென்னை கிண்டியில் 1978 முதல் தேசியப் பூங்காவாக உள்ள காடும், அதனை ஒட்டி 1959 இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்விக்கழக வளாகமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவர்கள் மிதிவண்டியில் மணியடித்துக்கொண்டு போகும்போது சாலையோரப் புள்ளிமான் தலைதூக்காமல் மேயும். ஒருவர் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினால் அத்தனை தலைகளும் நிமிரும். மனிதன் எப்போது ஆபத்தானவன் என்பதைப் பற்றி அவை ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றன. அதே வளாகத்தில் நாய்க் கடியாலும், நெகிழிப்பைகளை விழுங்கியும் மான்கள் இறந்த செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. வீட்டருகே மான் என்று மகிழ்வோர் இதனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆண்மானின் கொம்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறையாகும். புள்ளிமானும் மிளாவும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பவை. புதிதாக முளைக்கும் கொம்பு மெத்தென்ற மயிர்த்தோல் போர்த்து, இரத்த ஓட்டத்தோடு, தொட்டால் நோவதாக இருக்கும். முற்றியபின் மரத்தில் உரசித் தோலைக் கிழித்தெறியும். உதிர்ந்து கிடக்கும் கொம்பை மான்களே கடித்து மெல்வதும் உண்டு. உடம்புக்கு வேண்டிய சுண்ணச்சத்தை அவை அப்படி மீட்டுக்கொள்கின்றன. இணைதேடும் பருவத்தில் கலைமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று, தலைக்கு மேலுள்ள கிளையில் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பூசிவிட்டுப் போகும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் சிவபெருமானின் விரல்நுனியில் எம்பி நிற்கும் மானைக் காணும்போதெல்லாம், அந்தச் சிற்பி இதனை எங்கோ பார்த்திருப்பானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வெளிமான் என்னும் புல்வாயின் கதை வேறு. முறுக்கிய கொம்பை அது உதிர்ப்பதே இல்லை; வாழ்நாள் முழுதும் அதே கொம்பு. மறைந்து வாழும் விலங்கன்று. பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழ்வது. கண்ணையும் காலையும் நம்பிப் பிழைப்பது. ஒருகாலத்தில் தென்னிந்தியச் சமவெளிகளில் பரவலாக மேய்ந்த இவ்விலங்குக்கு இன்று தென்கோடிப் புகலிடம் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக் குன்று. 1987 இல் 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் அங்கே சரணாலயம் அமைந்தது. முல்லைத்திணைப் பாடல்களில் கார்காலத்தில் வினைமுடித்து மீளும் தலைவன், வழியில் இரலை தன் பிணையோடு திளைப்பதைக் கண்டு தேரை விரைந்து செலுத்தச் சொல்வான். மழை பெய்து புல் தழைத்த வெளி, முறுக்குக் கொம்பு, ஆணும் பெண்ணுமாய் ஓட்டம். இடம், பருவம், விலங்கு மூன்றும் பிசகாமல் பொருந்தியிருக்கின்றன. கற்பனையால் மட்டும் இப்படி எழுதிவிட முடியாது.

எல்லாப் பாடலும் அப்படிப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஐந்திணை ஐம்பதில் மாறன் பொறையனார் பாடிய பாலைப்பாட்டு ஒன்று பலருக்கும் மனப்பாடம். சுனையில் நீர் கொஞ்சமே இருக்கிறது, இருவருக்கும் போதாது, பிணை குடிக்கட்டும் என்று கலைமான் வாயை வைத்து உறிஞ்சுவதுபோல் பாவனை செய்கிறது. தமிழ் அகப்பாடல்களின் உருக்கத்துக்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் சொல்லப்படுவது இது. காட்டில் இப்படி நடக்குமா? புள்ளிமான் இணைபிரியாத தம்பதியாக வாழ்வதில்லை. தாயும் மகளும் மகள் ஈன்ற குட்டியுமாகப் பெண்வழியில் திரள்வது அதன் கூட்டத்தின் அடிப்படை. ஆண்கள் வந்து சேர்வதும் விலகுவதுமாக இருப்பர். ஒரு கலை ஒரு பிணையோடு ஆயுள் முழுதும் கூடியிருக்கும் வழக்கம் அவற்றிடம் இல்லை. நீர்நிலையில் வலியது முந்திக் குடிக்கும், மற்றவை காத்திருக்கும்.

அப்படியானால் புலவர் பொய் சொன்னாரா? பாட்டைக் கவனமாகப் படித்தால் புலவர் தப்பித்துக்கொள்வது தெரியும். தலைவன் சென்ற வழி அத்தகையது என்று பிறர் சொல்வதாகத்தான் பாட்டு அமைந்திருக்கிறது. கண்டேன் என்று அங்கே எவரும் கூறவில்லை. காட்டுவழியில் மானும் அன்பு காட்டுகிறதாம், ஆகவே தலைவனும் இரங்கித் திரும்புவான் என்று நம்ப விரும்பும் மனத்தின் பேச்சு அது. மானைப் பற்றிய செய்தியாகக் கொண்டால் பிழை. தலைவியைப் பற்றிய செய்தியாகக் கொண்டால் முழு உண்மை. பிற்காலத்தார் அந்த வேறுபாட்டை மறந்து, கலைமான் அன்புக்கு இலக்கணம் என்று அதனைச் செய்தியாகவே ஆக்கிவிட்டனர். கானல்நீரை நாடி மான் ஓடும் என்பதும் இவ்வகையில் சேரும். சித்திரை வெயிலில் கரிசல்மீது நீர்போல் அலையாடுவதை இவ்வட்டாரத்தார் அனைவரும் கண்டிருப்பர். அதன்பின்னே ஓடும் மானைக் கண்டவர் எவருமிலர். புள்ளிமானுக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எங்கே உண்டென்று அதற்குத் தெரியும். தெரியாத மான் உயிரோடிருப்பதில்லை.

இராமகாதையில் பொன்மான் வரும் இடத்தை இங்கே நினைவுகூரலாம். சீதை விரும்புகிறாள்; இராமன் மயங்குகிறான்; இப்படியும் ஒரு மான் உண்டோ என்று ஐயுற்றவன் இலக்குவன் ஒருவனே. காவியத்தின் போக்கில் அவன் சொல் எடுபடவில்லை. எனினும் அந்த மூவரில் மானை மானாகப் பார்த்தவன் அவன்தான் என்பதைக் கம்பனும் வான்மீகியும் ஒருசேரப் பதிவு செய்துள்ளனர்.

விலங்கை உள்ளபடி பார்த்து எழுதும் உரைநடை தமிழில் வளராமல் போனதற்குக் காரணம் தேடினால், அதற்குத் தகுதியுடைய ஒருவர் இருந்தும் நாம் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்பது தெரியவரும். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1912 இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இடைவிடாது 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றி எழுதினார். 1996 பிப்ரவரி 18 இல் அவர் மறைந்த அன்றும் அவருடைய கட்டுரை வெளியாகியிருந்தது. யானையையும் காட்டெருமையையும் ஆராய்ந்தவர், காகத்தையும் வீட்டுப் பல்லியையும் வெள்ளாட்டையும் அதே அக்கறையோடு எழுதினார் என்பதே அவரது சிறப்பு. தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைத் தேடித் திரட்டி, சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்தார். ஆங்கிலத்தில் அவரைப் படித்தவர் பலர். அவரது ஊர்க்காரர்களான நாம் அவர் போன பிறகே தேடத் தொடங்கினோம்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு மறுப்பு எழக்கூடும்; எழுவதே முறை. 2012 செப்டம்பர் 5 இல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இடையிலும் பின்னும் நேர்ந்தவற்றை எண்ணினால் நாட்குறிப்பே நிறைந்துவிடும். காலையில் மருந்து அறைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவாரா என்று கவலைப்படும் ஊரில் மானின் நடத்தையைப் பேசுவது வசதியுள்ளோர் பொழுதுபோக்கு அன்றோ என்று எவரேனும் கேட்டால் அதனை அலட்சியம் செய்ய இயலாது. ஆயினும் இந்த ஊர்களில் வாழ்பவர் அறிவர்: தொலைவில் கனமாக ஒரு சத்தம் கேட்டால் தெருவே ஒரு கணம் அசைவற்று நிற்கும். பேச்சு நிற்கும், கையிலிருந்த குடம் அப்படியே நிற்கும். எந்தத் திசை என்று தலைகள் திரும்பும். புகை எழுகிறதா என்று கண்கள் தேடும். அதன்பிறகே ஓட்டம். சோதனைக்காகப் போட்ட வெடியா, ஆலை வெடித்ததா என்பதை ஒலியின் கனத்தைக் கொண்டே பிரித்தறியும் செவி இங்குள்ள பெண்களுக்கு உண்டு. மானின் நிமிர்ந்த கழுத்தையும் திருப்பிய காதையும் புரிந்துகொள்ளத் தமிழகத்தில் வேறெவரையும்விட இவ்வூர்க் கவிஞருக்கே உரிமை மிகுதி. மருண்ட மான் என்று இவ்வூர்க் கவிஞர் ஒருவர் எழுதினால், அது தெருவில் குடத்தோடு நின்ற பெண்ணைப் பற்றியதாகவும் இருக்கட்டும்.

ஒலியை ஒட்டி மற்றொரு செய்தி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி அகன்றுவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. பல பத்தாண்டுகளாக வழங்கிவரும் கட்டுப்பாடு அது. பட்டாசுத் தொழிலால் வயிறு வளர்க்கும் ஊரில் இதனைப் புகழ்ந்து பேசுவது சங்கடமே. ஆனால் இங்கே உள்ளோர்தாம் ஒலியின் வலிமையை நன்கறிந்தவர்கள். மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்ட உழவர், காட்டுப்பன்றியையும் மானையும் விரட்ட இரவெல்லாம் கண்விழித்து வெடி போடுகின்றனர். முளைத்து வரும் பயிரை ஒரே இரவில் மொட்டையாக்கிவிட்டுப் போன கூட்டத்தை அழகென்று வாழ்த்தும்படி அவரிடம் கேட்க எவருக்கும் துணிவு வராது. கோடையில் காட்டுச் சுனைகள் வற்றுவதும், அடிவாரம்வரை தோப்பும் வயலும் நெருங்கிவிட்டதும் மானைக் கீழே இறக்குகின்றன. இறங்கிய மானுக்கு வழியில் காத்திருப்பவை சாலை, நாய், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு.

கிணற்றில் விழுந்த மானைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டித் தூக்குகின்றனர். நாய்களிடமிருந்து ஊர்மக்கள் மீட்கின்றனர். மீட்டபின் நடப்பதுதான் கவனத்துக்குரியது. கூட்டம் கூடுகிறது. தடவிக் கொடுக்கின்றனர், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுகின்றனர், குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கின்றனர். காயம் பெரிதாக இல்லாமலே அந்த மான் சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ இறந்துவிடக்கூடும். பெரும் அச்சத்திலும் கடும் திமிறலிலும் தசைகள் சிதைந்து, அச்சிதைவின் நஞ்சு குருதியில் கலந்து, சிறுநீரகமும் இதயமும் செயலிழந்துபோகும் என்று கால்நடை மருத்துவர் விளக்குவர். கண்ணைத் துணியால் மூடி, பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, வனத்துறையினர் வரும்வரை நிழலில் விட்டுவைப்பதே அதற்குச் செய்யக்கூடிய உதவி. தடவுகிற கை அன்பினால் தடவுகிறது என்பது மானுக்குத் தெரியாது. பிடித்த கை என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

கவிதைகளில் மிகுதியாக வரும் தனித்துப்போன குட்டியும் இத்தகையதே. தோப்பின் ஓரத்திலோ புதரடியிலோ பிறந்து சில நாட்களேயான மறி ஒன்று தனியே படுத்திருக்கும். அருகில் தாய் இல்லை. நெருங்கினாலும் ஓடுவதில்லை, கழுத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை விழித்தபடி கிடக்கும். பார்ப்பவர் நெஞ்சு இளகிவிடும். தாயை நாய் கொன்றிருக்கும், வேடன் பிடித்திருப்பான் என்று கதை தானாக உருவாகிவிடும். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பசும்பால் புகட்டுவர். பெரும்பாலும் அந்தக் குட்டி பிழைப்பதில்லை. பிழைத்தாலும் காட்டுக்குத் திரும்பும் தகுதியை இழந்திருக்கும். காட்டு விலங்கைப் பிடித்து வைத்திருப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது வேறு.

உண்மையில் அந்தக் குட்டியை எவரும் கைவிடவில்லை. ஏறத்தாழ எட்டுமாதம் சுமந்து ஒற்றைக் குட்டியை ஈனும் பிணை, அதனை மறைவில் படுக்கவைத்துவிட்டு வேண்டுமென்றே விலகிப் போகிறது. கூடவே நின்றால் தன் மணமும் அசைவும் பகைவிலங்குக்கு வழிகாட்டிவிடும். குட்டியின் மேனியில் மணம் மிகக் குறைவு. முதுகிலுள்ள வெண்புள்ளிகள் இலைநிழலில் விழுந்த வெயிற்பொட்டுகளோடு கலந்துவிடும். அசையாமல் கிடப்பது ஒன்றே அதற்கு அரண். ஆள் நெருங்கும்போதும் அது கிடப்பது அதனாலேதான். தாய் பகலில் ஓரிருமுறை வந்து பாலூட்டி, நக்கித் துப்புரவு செய்து, மீண்டும் அகன்றுவிடும். குட்டிக்கு ஓடும் வலுவும் கூட்டத்தோடு சேரும் பக்குவமும் வரும்வரை இவ்வாறே நடக்கும்.

அந்நேரத்தில் தாய் எங்கே இருக்கும் என்று கேட்கலாம். தொலைவில் இராது. ஐம்பது நூறு முழத்தில், சீமைக்கருவேலின் மறுபுறத்தில், காதுகள் இரண்டையும் இத்திசைக்குத் திருப்பி நின்றுகொண்டிருக்கும். குட்டியைப் பார்த்து மனமுருகி நிற்பவர் அதனைக் காண்பதில்லை; அதுவோ அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை முன்னங்காலைத் தரையில் மிதித்துப் பார்க்கும். பொழுது சாயும். அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வரப்பின்மீது ஏறி, பேருந்து நிற்கும் சாலைவரை போய்விட்ட பிறகே அது புதரை நோக்கி ஓரடி எடுத்து வைக்கும்.